அறுபதாம் படியும் பன்னிரண்டு வார்த்தையும்

கால் வலிக்குதுங்களா தம்பி? வலிக்கட்டும் விடுங்க. வலிக்குதுன்னா கால் இன்னும் நம்மளுதுன்னு அர்த்தம். போர் போடற என் ரிக் வண்டியில சத்தீஸ்கர் ஆளு ஒருத்தன் இருந்தான். இரும்பு ராடு நழுவிக் கால்மேல விழுந்தது, ஒரு சத்தம் போடலை. என்னடா வலிக்கலையான்னு குனிஞ்சு பார்த்தா, கால் அக்கட்டால கிடக்குது, இவன் இக்கட்டால நின்னு பீடி பத்த வெச்சுட்டு இருக்கறான். சிரிக்காதீங்க, நெசம்.

எங்க எந்திரிக்கறீங்க? உங்க காலுல எடைக்கல்லு தொங்குது, என் காலுலயும் தொங்குது. நர்சம்மா வந்து கழட்டி விடற வரைக்கும் எங்கதையைக் கேட்டுத்தான் ஆகணும். உங்களுக்கு முன்னாடி இந்தக் கட்டில்ல ஒரு வாத்தியார் இருந்தார். நான் பேசப் பேச அவருக்கு எலும்பு தானாக் கூடிருச்சு. ராத்திரியோட ராத்திரியா சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சு நடந்து போயிட்டார்.

பேரென்னன்னு சொன்னீங்க? யுகேந்தருங்களா. கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியா? நல்லதுங்க. பால் வண்டிக்காரன் இடிச்சுட்டுப் போயிட்டான். சரி, உங்களுக்குப் பால் வண்டி, எனக்குப் பைப் ரெஞ்ச்.

போலீஸ்காரர் வந்து எழுதிக்கிட்டுப் போனார் பாருங்க, அவர்கிட்ட நான் ரிக் வண்டி மேல இருந்து விழுந்துட்டேன்னுதான் சொன்னேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு, "பெரியவரே, விழுந்தா எலும்பு ஒரு இடத்துல முறியும். உங்களுக்கு ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்குது. ரெண்டு தரம் விழுந்தீங்களா?"ன்னார். "ஆமாங்க டாக்டர், முதல் தரம் விழுந்தது புடிச்சிருந்தது"ன்னேன்.

அடிச்சது எம் பசங்க தம்பி. ரெண்டு பேரும். சேர்ந்து! அந்த "சேர்ந்து"ங்கறதுதான் இதுல விசயமே. இன்னைக்குச் சாயங்காலம் பார்க்க வர்றாங்க. "திருடன் பேரை அதுக்குள்ள சொல்லிப்போடு, இல்லைன்னா அடுத்த கால்"னு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கறானுங்க. மணி என்னாச்சு? மூணா. அப்ப நேரம் இருக்குது. கேளுங்க. நீங்க படிச்சவரு, கேட்டுட்டு ஒரு ரோசனை சொல்லுங்க.

என் பேரு ராக்கியண்ணன். திருச்செங்கோட்டுக்குப் பக்கம். இந்தியா தேசத்துல எங்க பூமியில ஓட்டை இருந்தாலும் குனிஞ்சு மோந்து பாருங்க, எங்கூருக்காரன் வேர்வை நாத்தம் அடிக்கும். போர் போடறதுதான் எங்களுக்குத் தொழில். ராஜஸ்தான்ல ஒரு தடவை போட்டுக்கிட்டே போறேன், தண்ணி வரலை, புழுதி வரலை, கடைசியில அனல் காத்து வந்துச்சு. விடுவனா? அது மேல அண்டாவை வெச்சு ஒரு மாசம் அதுலதான் சோறு ஆக்குனோம்.

பெங்களூருக்கு வெளியில தலைமுடியைக் கொண்டை போட்டுக்கிட்டு ஒரு பையன் தோட்டம் வாங்கியிருந்தான். போர் போட்டுக் குடுத்தேன், தண்ணி பொங்கி அடிச்சுது. கூலி கேட்டா, "ஐயா கையில பணமில்லை"ங்கறான். கொண்டையைப் புடிச்சேன். வசதியா இருந்தது. ரெண்டு அறை விட்டேன், மூக்குல ரத்தம் வந்துச்சு. மூணாவதுக்குக் கையை ஓங்கும்போது, "இருங்க இருங்க, பிட்காயின் தர்றேன்"னு என் போனை வாங்கி என்னமோ அமுக்கி அமுக்கிக் குடுத்தான். ஒரு தாள்ல இங்கிலீசுல பன்னெண்டு வார்த்தை எழுதி, "இதைப் பத்திரமா வெச்சுக்குங்க"ன்னான். மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. அந்தத் தாளை ரிக் வண்டியில சாமி படத்துக்குப் பின்னாடி சொருகினவன், சொருகினவன்தான். கூலி போச்சேன்னு வயித்தெரிச்சல்ல கிளம்பறப்ப அவன் வண்டிக் கண்ணாடியையும் உடைச்சுட்டு வந்தேன்.

வருசம் ஓடிப்போச்சு. நானும் மறந்துட்டேன். ஒரு நாள் எம் பொண்ணு கோகிலவாணி, பள்ளிபாளையத்துல தறிக்காரனுக்குக் கட்டிக் குடுத்திருக்கறேன், அவ வந்து என் போனை நோண்டிக்கிட்டு இருந்தவ முகம் வெளுத்துப் போச்சு. "அப்பா, இது என்னன்னு தெரியுங்களா? இன்னைக்கு வெலைக்குப் புதுசா நாலு ரிக் எடுத்துட்டு மிச்சத்துல கல்யாண மண்டபமே கட்டலாமுங்ப்பா"ன்னா.

போனை வெடுக்குன்னு வாங்கி மடியில வெச்சுக்கிட்டேன். "போன் உடைஞ்சு போச்சுன்னா?"ன்னேன். அந்தத் தாளை எடுத்துட்டு வரச் சொன்னா. "போன் போனாப் போகட்டும்ப்பா. இந்தப் பன்னெண்டு வார்த்தையையும் வரிசையா அடிச்சா எந்தப் போன்ல வேணாலும் காசு வந்து நிக்கும்"னா.

"எவன் அடிச்சாலும் நிக்குமா?"

"எவன் அடிச்சாலும் நிக்குமுங்ப்பா."

பார்த்தீங்களா தம்பி, பூட்டும் கிடையாது, பத்திரமும் கிடையாது, பட்டாவும் கிடையாது. பன்னெண்டு வார்த்தை. வித்துப்போட்டுப் பேங்குல போடுங்கன்னா அவ. வித்தா அன்னைக்குச் சாயங்காலமே எம் பசங்க என் கழுத்துல காலை வெச்சுப் புடுங்கிக்குவானுங்க. அது கிடக்கட்டும், வளரட்டும், நான் போன பொறகு எடுத்துக்கட்டும்னேன். ஆனா எப்படிக் குடுக்கறது? அதுல வந்துச்சு வெசனம்.

ஏன்னா எம் பசங்க லேசுப்பட்ட ஆளுங்க இல்லீங்க. மூத்தவன் மகுடேசு. சின்னவன் விசாகன். தவழ்ற வயசுலயே ஒருத்தன் கையை ஒருத்தன் கடிப்பானுங்க. தொட்டில் கட்டின சேலைக்குச் சண்டை, கோழித் தொடைக்குச் சண்டை. கோகிலா கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு மாலை போடறது யாருன்னு சண்டை வந்து, மகுடேசு குத்துவிளக்கை எடுத்து விசாகனுக்குத் தோள்பட்டை எலும்பை முறிச்சான். அந்த நெய் வழிஞ்ச விளக்கைத் தொடைச்சு வெச்சுத்தான் தாலி கட்டினாங்க. நான் நடுவுல போகவே மாட்டேன். அவங்க ஆத்தா இருந்தப்போ கத்துவா, "பிரிச்சு விடுங்க, பிரிச்சு விடுங்க"ன்னு. எதுக்குப் பிரிக்கணும்? ஆம்பளப் பசங்க, கை பழகட்டும். சின்ன வயசுல நானே ஒரு மிட்டாயை நடுவுல வெச்சுட்டு ரெண்டு பேரையும் விடுவேன். அந்த மாதிரி அருமையா வளர்த்த பசங்க எப்படித்தான் இப்படி முரடாப் போனானுங்களோ, எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலைங்க.

சரி. நானும் கட்டில்ல புரண்டு புரண்டு ஒரு வழி கண்டுபுடிச்சேன். பன்னெண்டு வார்த்தையில பாதி ஒருத்தனுக்கு, பாதி இன்னொருத்தனுக்கு. ஒருத்தன்கிட்ட இருக்கறது தனியா ஒண்ணுக்கும் ஆகாது. அப்பன் செத்தா அண்ணன் தம்பி ஒண்ணா உக்காந்து வாயைத் தொறந்துதான் ஆகணும். சேர்ந்தே தீரணும்! எந்த வக்கீலுக்குத் தோணும் இந்த மாதிரி உயில்?

எனக்கு இங்கிலீசு வராது. அதனால கோகிலாவை உக்கார வெச்சுப் படிக்கச் சொல்லி, ராடு எண்ற மாதிரி எண்ணி எண்ணி மனப்பாடம் பண்ணினேன். அர்த்தமும் சொல்லுவா. ஏணி, உப்பு, கழுதை, வெங்காயம். எஞ் சொத்துக்குச் சாவி கழுதையும் வெங்காயமும், பாருங்க! ஒரு மாசம் தினமும் பள்ளிபாளையத்துல இருந்து பஸ் ஏறி வந்து சொல்லிக் குடுத்தா. நான் தப்பாச் சொன்னா சிரிப்பா. நான் படிக்கறதுக்கு முன்னாடி அவளுக்கே எல்லாம் பாடமாயிருச்சு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா.

எனக்குப் பாடம் ஆன அன்னைக்கு, தண்ணித் தொட்டிக்கிட்ட நிக்கறேன், மெதுவா வந்து கேட்டா. "அப்பா, எனக்கும் நாலு வார்த்தை குடுங்க. மூணு பேருக்கும் நாலு நாலாச் சரியா வருமுங்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பொட்டப் புள்ளைக்குப் பீரோ, கட்டில், சீர்னு எல்லாம் செஞ்சு, காடு தோட்டத்துல பங்கு வேண்டாம்னு கையெழுத்தும் வாங்கியாச்சு. இனி எங்க இருந்து வந்தது பங்கு? விட்டேன் ஒரு அறை. இடது காதுலயே விழுந்துச்சு. தோடு தெறிச்சுப் போய்த் தொட்டிக்குள்ள விழுந்தது, எவ்வளவு தேடியும் கிடைக்கலை. அன்னையில இருந்து அந்தக் காது கொஞ்சம் மந்தம். அடியால இல்லீங்க. அவளுக்குச் சின்ன வயசுலயே சளி புடிக்கும்.

அப்புறம் யோசிச்சேன். பொம்பள, பன்னெண்டும் தெரிஞ்சவ, அண்ணன் எவனாவது இனிக்க இனிக்கப் பேசினாச் சொல்லிப்போடுவாளே? அடுத்த நாளே மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். எங்கூர் மலையில அறுபதாம் படின்னு ஒண்ணு இருக்குது, கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல நின்னு பொய்ச் சத்தியம் பண்ணினவன் உருப்பட்டதில்லை. எங்க பக்கத்துல வழக்கு முத்திப் போச்சுன்னா, "வா, படியேறு"ன்னுதான் கூப்புடுவாங்க. ஒருத்தன் பொய்ச் சத்தியம் பண்ணிட்டு இறங்கறான், ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு பல்லு விழுந்து, கீழ வர்றப்ப கிழவனா வந்தான். எங்க சித்தப்பா நேர்ல பார்த்தது.

கோகிலா காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு வந்தா. கற்பூரம் கொளுத்தினேன். சத்தியத்தை நானே ரோசனை பண்ணி வெச்சிருந்தேன். "இந்தப் பன்னெண்டு வார்த்தையை என் அண்ணனுங்களுக்கோ, புருசனுக்கோ, பெத்த புள்ளைக்கோ, வேற எந்த மனுசங்களுக்கோ வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், எழுதிக் காட்ட மாட்டேன். மீறினா என் நாக்கு அழுகட்டும்." எப்படி? போர் போடறவன் கட்டின சத்தியமுங்க, போர் குழியில கேசிங் பைப் இறக்கின மாதிரி, ஒரு பொட்டு மண்ணு உள்ள வராது.

அவ அப்படியே திருப்பிச் சொன்னா. ஒரு எழுத்து மாத்தலை. சொல்லிட்டுக் கேட்டா, "இவ்வளவுதானுங்களாப்பா? வேற எதுக்கும் சத்தியம் வேண்டாமுங்களா?"

"வேற என்ன இருக்குது? இறங்கு"ன்னேன்.

வீட்டுக்கு வந்து, போன்ல இருந்ததை அழிச்சுட்டு அந்தத் தாளை அடுப்புல போடுன்னு அவகிட்டயே சொன்னேன். போட்டா. அப்புறம் பசங்களைத் தனித்தனியாக் கூப்பிட்டு ஆளுக்கு ஆறு வார்த்தை காதுல ஓதினேன். "நான் உசுரோட இருக்கற வரைக்கும் வாயைத் தொறந்தீங்கன்னா வெட்டிப்போடுவேன்"னேன். எனக்கும் வயசாச்சா, கொஞ்சம் கொஞ்சமா மறந்து இப்பக் கழுதையும் வெங்காயமும்தான் மிச்சம்.

இதோட சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே! நான் போன பொறகு இவனுங்க ஒண்ணு சேர்றதை நான் எப்படிப் பார்க்கறது? எம் புத்திசாலித்தனத்தை நானே பார்க்காமப் போறதா? அதனாலதான் செத்தேன்.

ஆமாங்க, செத்தேன். மத்தியப் பிரதேசத்துல ஒரு சாமியாருக்குப் போர் போட்டப்போ மூச்சடக்கச் சொல்லிக் குடுத்தார். காலையில காப்பி குடிச்சுட்டு அப்படியே சாஞ்சேன். மருமகளுங்க வாயைக் கட்டினாங்க, கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டினாங்க, நெத்தியில காசை வெச்சாங்க. ஒறம்பரை சனமெல்லாம் வந்தாச்சு. வாசல்ல மூங்கில் வந்து இறங்குச்சு. எம் பசங்க ரெண்டு பேரும் தலைமாட்டுல வந்து நின்னானுங்க. இப்பச் சேருவானுங்க, இப்பச் சேருவானுங்கன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குதூகலம்.

மகுடேசு சொல்றான், "டேய், உன்னோட ஆறைச் சொல்லு."

"நீதானே மூத்தவன், நீ முதல்ல சொல்லு."

"மூத்தவனையே அதிகாரம் பண்றயா? சொல்றா நாயே."

"நான் சொன்னா நீ போனைத் தூக்கிக்கிட்டு ஓடிருவே, எனக்குத் தெரியாதா உன்னைய?"

சொத்துன்னு ஒரு சத்தம். விசாகன் மூஞ்சி. அப்புறம் என்ன, வாசல்ல கிடந்த பாடை மூங்கிலை உருவிக்கிட்டு வந்தான் சின்னவன். வீசினான் ஒரு வீச்சு, பெரியவன் வாயிலயே பட்டது. பல்லு ரெண்டு தெறிச்சு என் நெஞ்சு மேல வந்து விழுந்துச்சு தம்பி. சூடா இருந்துச்சு. மகுடேசு ரத்தத்தைத் துப்பிட்டு, எனக்குத் தலைமாட்டுல எரிஞ்சுக்கிட்டு இருந்த விளக்கைத் தூக்கிச் சின்னவன் மண்டையில போட்டான். குடம் உருளுது, ஊதுவத்தி பறக்குது, பொம்பளைங்க ஒப்பாரியை விட்டுட்டு அலர்றாங்க. சங்கு ஊத வந்த ஆளு சங்கைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு நல்ல இடமாப் பார்த்து உக்காந்துட்டான்.

எனக்குப் பொறுக்கலை. பெரியவன் புடி தப்பாப் போட்டிருந்தான். எந்திரிச்சு உக்காந்து, வாய்க்கட்டை அவுத்துட்டு, "டேய், முழங்கைக்குப் பாருடா!"ன்னு கத்திட்டேன்.

கூட்டம் போன வேகம் இருக்குதே! என் கொழுந்தியா ஓடினவ சங்ககிரி ரயில்வே கேட்டுலதான் போய் நின்னா. ஆனா எம் பசங்க? நான் செத்தப்பவும் என்னைப் பார்க்கலை, எந்திரிச்சப்பவும் என்னைப் பார்க்கலை. மகுடேசு நான் சொன்ன மாதிரியே முழங்கையைப் புடிச்சுத் திருகினான். காஞ்ச விறகு ஒடிஞ்ச மாதிரி கேட்டுது. சின்னவனுக்கு இன்னைக்கும் அந்தக் கை நேரா நீளாது.

கோகிலா மட்டும் என் கால்மாட்டுலயே இருந்தா. கட்டைவிரலைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டு இருந்தா. நிசமான அழுகை தம்பி. பொய்யழுகை எனக்குத் தெரியும், மருமகளுங்க அழுதது பொய்யழுகை. நான் எந்திரிச்சதும் ஒரு பார்வை பார்த்தா. அப்படியே நிறுத்திட்டா. முந்தானையில மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு, என் கால் கட்டைக்கூட அவுக்காம எந்திரிச்சுப் போயிட்டா. அதுக்கப்புறம் அவ அழுது நான் பார்க்கலை. நல்ல தைரியசாலியாயிட்டா.

அவ குடும்பத்துக்கும் நல்ல நேரம் வந்துருச்சுன்னு வைங்க. நான் செத்து எந்திரிச்ச மூணு மாசத்துலயே ஓட்டைத் தறியெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, புதுசா ஆட்டோ தறி இறக்கிட்டாங்க. பேங்குல லோன் குடுத்தானாம். அந்தத் தறிக்காரனை நம்பி லோன் குடுக்கறான் பாருங்க, அவனெல்லாம் ஒரு பேங்குக்காரன்!

அப்புறம், எம் மச்சான் வையாபுரி, பசங்களுக்குத் தாய்மாமன், வந்து உக்காந்தார். "கொலை விழுகறதுக்கு முன்னாடி இந்தக் கருமத்தை என் முன்னாடியே திறந்து பிரிச்சுக்குங்கடா"ன்னார். எனக்கு இஷ்டமில்லை. நான் இன்னும் சாகலையே! யாரு கேக்கறா? ரிக் ஷெட்டுல உக்காந்தாங்க. ரெண்டு பேரு மடியிலயும் ஆளுக்கொரு பைப் ரெஞ்ச். ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்ல, வையாபுரி பேரன்மாருக்கு வாங்கின புதுப் போன்ல அடிக்க, ஒருத்தன் சொல்ல, அடிக்க. கோகிலா எல்லாருக்கும் காப்பி ஊத்திக் குடுத்தா. ஒரு சொட்டுச் சிந்தலை.

பன்னெண்டும் அடிச்சாச்சு. தொறந்துச்சு. உள்ள ஒண்ணுமில்லை.

தொடைச்சு வெச்ச தட்டு மாதிரி இருந்துச்சு தம்பி. காசு இருந்திருக்குது, மூணு மாசம் முன்னாடி எடுத்திருக்குதுன்னு காட்டுது. எடுத்தவன் யாருன்னு காட்டலை. அந்தக் கருமத்துல ஊரு பேரெல்லாம் இருக்காதாமே?

ரெஞ்சை எடுத்துட்டானுங்க. வையாபுரிதான் குறுக்க விழுந்து, "படியேறுங்கடா"ன்னார். போனோம். மகுடேசு அறுபதாம் படியில கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணினான். விசாகன் பண்ணினான். ரெண்டு பேருக்கும் ஆறு ஆறுதானே தெரியும், எப்படி எடுத்திருப்பாங்க? அப்புறம் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. பன்னெண்டும் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானே!

"ஏறுங்க"ன்னான் பெரியவன்.

"பெத்த அப்பன் புள்ளைங்களுக்குப் படியேறறதாடா? முடியாது போ"ன்னேன். மூட்டுவலி வேற. கோகிலா பக்கத்துலதான் செருப்பைப் பார்த்துக்கிட்டு நின்னா. அவளை யாரும் ஏறச் சொல்லலை. அவ எதுக்கு? அவதான் ஏற்கெனவே ஏறியாச்சே.

"ஏறலைன்னா நீதான் தின்னிருக்கே"ன்னான் சின்னவன். வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஷெட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனானுங்க. அங்கதான் தம்பி அந்த அதிசயம் நடந்தது. மகுடேசு என் தோளை அமுக்கிப் புடிச்சான். விசாகன் ரெஞ்சை வெச்சு என் காலை அளவு பார்த்தான். கை கோணலாச்சே, சரியா அமையலை. "அண்ணா, இன்னும் சித்தெ கீழ புடி"ன்னான்.

அண்ணா! அந்த வாயில அண்ணாங்கற சொல்லு கேட்டு எத்தனை வருசமாச்சு! "சரிடா தம்பி"ன்னு இவனும் இறக்கிப் புடிச்சான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அடி அதுக்கப்புறம்தான் விழுந்தது. முதல் அடி சின்னவன். அப்புறம் அவன் ரெஞ்சை நீட்டி, "நீ ஒண்ணு போடுண்ணா"ன்னான். ஆளுக்கு ஒண்ணு. சரிபாதி. வார்த்தையை நான் பிரிச்ச மாதிரியே. என் உயிலு பலிச்சுருச்சா இல்லையா சொல்லுங்க!

இப்ப அவனுங்க கேள்வி ஒண்ணுதான். நீ எடுக்கலைன்னா யாரு எடுத்தா? நானும் மண்டையை உடைச்சுக்கிட்டுப் படுத்திருக்கறேன். கொண்டைக்காரன் எடுத்திருப்பானோ? அவன் வெளிநாடு போய்ச் சேர்ந்து வருசக்கணக்காச்சு. செல்போன் டவர்ல உறிஞ்சியிருப்பானுங்களோ?

என்னது? கோகிலாவா?

அட, சிரிப்பு மூட்டாதீங்க தம்பி, கால் வலிக்குது. கோகிலாவாம்! படிச்சவங்களுக்கு இதான் சீக்கு, எல்லாத்துலயும் சந்தேகம். அவ படியில நின்னு சத்தியம் பண்ணினவ. யாருகிட்டயாவது சொல்லியிருந்தா நாக்கு அழுகியிருக்குமே! இப்ப வருவா, நல்லாப் பாருங்க அவ நாக்கை. இந்தா, பேசிட்டு இருக்கும்போதே வந்துட்டா. நீங்க ஒண்ணும் கேட்டுப்போடாதீங்க, மனசு சங்கடப்படும்.

வா கண்ணு. என்ன கொண்டாந்திருக்கே?

"ரசஞ்சோறுங்ப்பா. பில்லு கட்டியாச்சு. பெரியண்ணன் பல்லுக்கும் சின்னண்ணன் கைக்கும்கூட நாந்தானுங் கட்டினேன்."

கேட்டீங்களா தம்பி? எங்க இருந்து வந்துச்சுன்னு நான் கேக்கறதில்லை. பொம்பளைங்க அரிசிப் பானைக்குள்ள சேர்த்து வெச்சிருப்பாங்க. அட, காதுல என்ன கண்ணு புதுசா? கல்லுத் தோடா? கண்ணைக் கூசுது, இந்தக் காலத்துல கவரிங்கைக்கூட என்னமாப் பண்றான்! கண்ணு, அந்த வார்த்தைங்களை... இந்தப் பக்கம் சொன்னாக் கேக்காதுங்க அவளுக்கு, அந்தக் காதுக்குத் திரும்பணும். கண்ணு, அந்தப் பன்னெண்டு வார்த்தையை நீ யாருகிட்டயும் சொல்லலையில்ல?

"ஒருத்தர்கிட்டயும் சொல்லலீங்ப்பா. எழுதியும் காட்டலை. படி மேல நின்னு சொன்ன சொல்லு, மீறுவனுங்களா?"

பார்த்தீங்களா? பார்த்தீங்களா? பெத்தா இப்படி ஒண்ணப் பெத்துக்கணும்.

"நீங்க என்ன வேலைங்ண்ணா பண்றீங்க? கம்ப்யூட்டருங்களா. அப்படீங்களா. இந்தப் பிட்காயினெல்லாம் உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்குமே... தெரியாதுங்களா? சரிங்ண்ணா. சின்னண்ணன் இந்த மாதிரி ஆளைத்தான் தேடிட்டு இருக்குதுங்ப்பா. நான் வர்றேன், தறியில ஆளுங்க காத்துட்டு இருப்பாங்க. கீழ வண்டியை அண்ணனுங்க வண்டிக்குக் குறுக்க நிறுத்திட்டேன், எடுக்கணும். ரெண்டு பேரும் வந்து இறங்கிட்டாங்கப்பா, இப்ப மேல வருவாங்க."

போயிட்டா. வந்துட்டானுங்களாம், கேட்டீங்களா? லிஃப்ட் சத்தம் அதானே? எனக்கு வேர்க்குது தம்பி. ஒரு பேரு சொல்லணுமே. ஒரு பேரு. கொண்டைக்காரன் பேரு தெரியாது, டவருக்குப் பேரு கிடையாது...

நீங்க கம்ப்யூட்டர்னுதானே சொன்னீங்க?

கோயம்புத்தூர். பெங்களூருக்கும் போக வர இருப்பீங்க. சின்ன வயசுல கொண்டை ஏதாவது போட்டிருந்தீங்களா? போடலையா. பரவாயில்லை, முடியைப் பார்த்தா வளரக்கூடிய முடிதான். அட அட அட, எப்படி இது எனக்கு முன்னாடியே தோணாமப் போச்சு! யாரும் சொல்லிக் குடுக்காம இந்த மண்டைக்குத் தானா உதிக்குது பாருங்க ரோசனை!

எந்திரிக்காதீங்க, எடைக்கல்லு இழுக்கும். அந்தப் பெல்லை அமுக்காதீங்க, அது வேலை செய்யாது, நேத்தே பார்த்துட்டேன். மன்னிச்சுக்குங்க தம்பி. எனக்கு ஒரு கால்தான் மிச்சம். உங்களுக்கும் ஒண்ணு மிச்சம் இருக்குதே, அது பால் வண்டிக்காரன் தொடாத காலு, இளங்காலு, சீக்கிரம் கூடிக்கும். பக்கத்துல நான் இருக்கறேன், பேசிக்கிட்டே இருக்கறேன், வாத்தியாருக்குக் கூடின மாதிரி கூடிரும்.

மகுடேசு! இங்க வாடா சாமி. விசாகா, கதவைச் சாத்திட்டு வா. ஆளு சிக்கிட்டான்டா. யுகேந்தராம், கம்ப்யூட்டர்காரன். நம்ம வார்த்தை அத்தனையும் இவனுக்கு அத்துபடி, கழுதையில இருந்து வெங்காயம் வரைக்கும், இப்பத்தான் எங்கிட்ட முழுசும் கேட்டுக்கிட்டு இருந்தான்.

பாருங்க தம்பி, பாருங்க. பெரியவன் தோளுக்கு வந்துட்டான், சின்னவன் காலுக்குப் போறான். ஒரு வார்த்தை பேசிக்கலை. என்ன ஒத்துமை!